கோள்கள் ஒன்பதா, எட்டா? – ஞாயிற்றின் குடும்பம் ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டை விட்டு எத்தனை தூரம் வந்தாலும், நாம் குடியேறிய ஊரில் ஒரு பிள்ளையார் கோயிலோ முருகன் கோயிலோ எழும்பிவிடுகிறது. அதன் ஒரு மூலையில் நவக்கிரக சன்னதியும் வந்துவிடுகிறது. பெரியவர்கள் சனிக்கிழமை மாலை எள் விளக்கு ஏற்றி ஒன்பது சுற்று சுற்றுகிறார்கள். கூடவே சுற்றும் பேரப்பிள்ளைகளோ, பள்ளிக்கூடத்தில் ‘கோள்கள் எட்டு’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். “ஒன்பதுன்னு தப்பா வச்சிருக்காங்களே?” என்று அவர்களில் யாராவது கேட்டால் என்ன சொல்வது?

பொதுவாக இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. “சாமி விஷயத்துல கேள்வி கேக்காதே” என்பது ஒன்று. “அதெல்லாம் அந்தக் காலத்து மூடநம்பிக்கை, நீ புத்தகத்தைப் படி” என்பது மற்றொன்று. இரண்டுமே பேச்சை அங்கேயே முடித்துவிடுகின்றன. முதல் பதிலில் பிள்ளையின் அறிவியல் ஆர்வம் அடிபடுகிறது. இரண்டாவது பதிலில், நம் முன்னோர் நூற்றாண்டுக் கணக்காக வானத்தைப் பார்த்துச் சேர்த்து வைத்த கணக்கும், அதைச் சொல்லும் தமிழ்ச் சொற்களும் கைவிட்டுப் போகின்றன. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் வீட்டில் மட்டும்தான் கிடைக்கிறது. அதனால் இந்த இழப்பு அவர்களுக்குச் சிறியதல்ல.

மூன்றாவது பதில் ஒன்று உண்டு. ஞாயிற்றின் குடும்பத்தை அறிமுகம் செய்துகொண்டே அந்தப் பதிலையும் பார்ப்போம்.

கோள் என்றால் என்ன?

இரவு வானத்தில் நாம் காணும் விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. இன்று தெரியும் கார்த்திகைக் கூட்டம் அதே வடிவில் நம் கொள்ளுப்பாட்டனுக்கும் தெரிந்தது. ஆனால் இந்த மாறாத கூட்டத்தின் ஊடே சில ஒளிகள் மட்டும் நாளுக்கு நாள் நகர்கின்றன. அப்படி நகர்பவற்றைப் பழங்கால மக்கள் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். கிரேக்கர்கள் ‘அலைபவை’ என்ற பொருளில் ஒரு சொல் வைத்தார்கள். அதிலிருந்துதான் ‘பிளானட்’ வந்தது. வடமொழியில் ‘பற்றுவது’ என்ற பொருளில் கிரகம் என்றார்கள். தமிழில் ‘கொள்’ என்ற வினையிலிருந்து ‘கோள்’ என்றோம்.

ஆகவே பழைய இலக்கணம் மிக எளிமையானது: விண்மீன்களுக்கு நடுவே எது நகர்கிறதோ அது கோள். வெறுங்கண்ணுக்கு அப்படி நகர்பவை ஏழு. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. நம் வாரத்தின் ஏழு நாள்களும் இவைதான். ஞாயிறும் நகர்கிறதே, அது ஏன் கோளாகாது? அந்த இலக்கணப்படி ஆகும். தப்பே இல்லை.

சங்க காலத்திலும் இவற்றைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளி தென்திசைக்கு விலகினால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. அப்படி விலகினாலும் காவிரி பொய்க்காது என்ற கருத்தோடுதான் பட்டினப்பாலை தொடங்குகிறது. புறநானூற்றில் சனியைக் குறிக்க ‘மைம்மீன்’ என்ற அழகிய சொல் வருகிறது. நகரும் மீனையும் நகராத மீனையும் பிரித்தறிந்தவர்கள்தான் இப்படிப் பெயரிட முடியும்.

ஒன்பது எப்படி எட்டாகிறது?

மேற்சொன்ன ஏழோடு ராகு, கேது இரண்டையும் சேர்த்தால் நவக்கிரகம். இந்த இரண்டும் பொருள்கள் அல்ல, புள்ளிகள். வானத்தில் ஞாயிறு செல்லும் பாதை ஒன்று. திங்கள் செல்லும் பாதை இன்னொன்று. இரண்டுக்கும் சுமார் 5 பாகை சாய்வு. அதனால் இரண்டு பாதைகளும் எதிரெதிரே இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அந்த வெட்டுப் புள்ளிகளே ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகில் நிகழும்போதுதான் கிரகணம் வரும். ‘ராகு விழுங்குகிறது’ என்ற கதையின் உள்ளே இருக்கும் கணிதம் இது. இந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து, ஒரு சுற்றை முடிக்க 18.6 ஆண்டுகள் ஆகின்றன. அதை 12 ராசிகளுக்கும் பங்கிட்டால் ராசிக்கு ஒன்றரை ஆண்டு. ராகு–கேது பெயர்ச்சி ஏன் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்பது இப்போது விளங்கும்.

இன்றைய அறிவியல் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. ‘எது நகர்வதாகத் தெரிகிறது?’ என்பது பழைய கேள்வி. ‘எது ஞாயிற்றைச் சுற்றுகிறது?’ என்பது புதிய கேள்வி. கேள்வி மாறியதும் பட்டியல் மாறுகிறது. ஞாயிறு ஒரு விண்மீன் என்பதால் அது விலகுகிறது. திங்கள் பூமியைச் சுற்றும் துணைக்கோள் என்பதால் அதுவும் விலகுகிறது. ராகுவும் கேதுவும் புள்ளிகள் என்பதால் இரண்டும் போகின்றன. மீதி ஐந்து. இதனோடு நாம் நின்றுகொண்டிருப்பதால் பட்டியலில் சேராமலிருந்த பூமியைச் சேர்க்க வேண்டும். தொலைநோக்கி வந்த பிறகு கண்டறிந்த யுரேனஸ், நெப்டியூன் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

ஒன்பதில் நான்கு போனால் ஐந்து, ஐந்தோடு மூன்று சேர்ந்தால் எட்டு. அவ்வளவுதான் கணக்கு! பள்ளிக்கூடத்து எட்டும் கோயில் ஒன்பதும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

வாரநாள் வரிசையில் ஒளிந்திருக்கும் வானம்

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஏன் இந்த வரிசை? தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் இதற்கு விடை அச்சாகியிருக்கிறது. ‘ஹோரை’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளின் 24 மணிக்கும் ஒவ்வொரு கோளை அதிபதியாக வைக்கும் முறை அது. மேற்குலகில் உருவாகி நம் நாட்டுக்கு வந்து வேரூன்றியது.

பழங்காலத்தார் கணித்தபடி, மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை ஏழையும் வரிசைப்படுத்தினால் இப்படி வரும்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். சனிக்கிழமை முதல் மணி சனிக்கு. அப்படியே ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். 24 மணியில் மூன்று முழுச் சுற்று (21) போக மூன்று மணி மிஞ்சும். அந்த மூன்றும் சனி, வியாழன், செவ்வாய்க்குப் போய்விட, மறுநாள் முதல் மணி ஞாயிற்றுக்கு வரும். அதனால் அது ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து மூன்றைத் தாண்டினால் திங்கள். மறுபடி மூன்றைத் தாண்டினால் செவ்வாய். பிள்ளைகளை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள், ஏழு நாளும் பிசகாமல் வரும்.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. அதே வரிசையில் ஞாயிற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூமியை வையுங்கள். பூமியோடேயே திங்களையும் வைத்துவிட்டு, ஞாயிற்றைக் கடைசியில் கொண்டுபோய் வையுங்கள். சனி, வியாழன், செவ்வாய், பூமி, வெள்ளி, புதன், ஞாயிறு. பின்னிருந்து படித்தால் இதுதான் இன்றைய பாடப்புத்தக வரிசை! 1543இல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்ட நூலின் சாரம் இந்த இடமாற்றம்தான். பழைய பட்டியலை அவர் தூக்கி எறியவில்லை. யார் நடுவில் என்பதை மட்டும் மாற்றி வைத்தார்.

ஏழரைச் சனியும் கெப்ளரும்

சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. ஜன்ம ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது ஆக மூன்று ராசி. மூன்று இரண்டரை ஏழரை. நம்மை நடுங்க வைக்கும் ‘ஏழரைச் சனி’ என்பது சனிக்கோள் தன் பாதையில் கால் பங்கைக் கடக்கும் காலம். முப்பது வருஷம் வாழ்ந்தவரும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவரும் இல்லை என்று ஊரில் சொல்வார்களே, அந்த முப்பதும் சனியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழச் சமம்.

வியாழனுக்கு ஒரு சுற்று 11.86 ஆண்டு. ராசிக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு என்பதால் ஆண்டுதோறும் குருப்பெயர்ச்சி. 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பகோணத்தில் மகாமகம். நாசிக்கில் 2015இல் தொடங்கிய கும்பமேளாவுக்கும், கும்பகோணத்தில் 2016இல் நடந்த மகாமகத்துக்கும் ஒரே அடையாளம்தான்: வியாழன் சிம்ம ராசியில் இருப்பது. கோதாவரிக் கரையும் காவிரிக் கரையும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கின்றன. அந்தக் கடிகாரம் 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடுவதால், எப்போதாவது ஓராண்டு முன்னதாகவே மேளா வந்துவிடும். ஹரித்வாரில் 2010க்குப் பிறகு 2021இலேயே கும்பமேளா நடந்தது இதனால்தான்.

பிரபவ முதல் அட்சய வரை நம் ஆண்டுகள் 60 என்பதையும் பாருங்கள். வியாழன் ஐந்து சுற்றுச் சுற்ற 59.3 ஆண்டு, சனி இரண்டு சுற்றுச் சுற்ற 58.9 ஆண்டு. 60 ஆண்டு முடிந்தால் இரண்டும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்திருக்கும். அறுபதாம் கல்யாணம் செய்துகொள்பவர் பிறந்தபோது இந்த இரண்டு கோள்களும் எங்கே நின்றனவோ, மணமேடை ஏறும்போதும் ஏறக்குறைய அங்கேயே நிற்கின்றன! இடையில் ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒருமுறை வியாழன் சனியை முந்திச் செல்லும். 2020 டிசம்பர் 21 அன்று இரண்டும் ஒட்டிக்கொண்டாற்போல் தெரிந்ததை நம்மில் பலர் மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம்.

சனி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? ‘சனைச்சரன்’, அதாவது மெல்ல நடப்பவன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். காரணத்தின் கணக்கை 1619இல் கெப்ளர் வெளியிட்டார். ஞாயிற்றிலிருந்து தள்ளிப் போகப் போகப் பாதையும் நீளும், வேகமும் குறையும். பூமியைப் போல நான்கு மடங்கு தொலைவில் ஒரு கோள் இருந்தால், அதன் ஆண்டு எட்டு மடங்கு நீளம். தொலைவை மும்முறை பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஆண்டின் அளவு வந்துவிடும். சனி பூமியைவிட 9.6 மடங்கு தொலைவில் உள்ளது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கால்குலேட்டரைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், முப்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பஞ்சாங்கத்தில் ‘குரு வக்ரம்’ என்று வருவதும் உண்மையான காட்சிதான். ஊருக்குப் போகும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் ரயிலை நம் ரயில் முந்தினால், அது பின்னால் போவது போலத் தெரியும் அல்லவா? உள்வட்டத்தில் வேகமாகச் செல்லும் பூமி வியாழனை முந்தும்போது அதேபோல் வியாழன் சில மாதங்கள் பின்னோக்கி நகர்வதாகத் தெரிகிறது.

கோள்களின் இருப்பிடம் நம் திருமணத்தையோ வேலையையோ தீர்மானிக்கிறது என்று எந்த அறிவியல் ஆய்வும் நிறுவியதில்லை. ‘பலன்’ வேறு, ‘கணிதம்’ வேறு. பலனை ஏற்காதவரும் இந்தக் கணிதத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

கணிதம் என்றால் சரிபார்க்கவும் வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திர வாக்கியங்களை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் வானத்தில் பார்த்ததோடு ஒப்பிட்டுத் திருத்தியது. சனி கும்ப ராசிக்குள் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரியில். வாக்கியப்படி, திருநள்ளாற்றில் விழா நடந்தது 2023 டிசம்பரில். 11 மாத வித்தியாசம்! வானத்தில் சனியைத் தேடுபவர் திருக்கணிதத்தைத்தான் நம்ப வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தைப் பார்வைக்கு ஏற்பத் திருத்தியே ஆக வேண்டும் என்று வாதாடியவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் ஞாயிற்று வட்டத்தின் குறுக்கே கடந்தபோது, சாதாரண மக்களும் புரிந்துகொள்ள அதைப் பற்றி நூல் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் வரச் செய்தார். மரபும் அறிவியலும் ஒரே மனிதரிடம் சண்டையில்லாமல் குடியிருந்ததற்கு அவர் நல்ல சாட்சி.

பறங்கிக்காயும் மிளகும்

இனி குடும்ப உறுப்பினர்களைப் பார்ப்போம். பாடப்புத்தகப் படத்தில் எட்டுக் கோள்களும் தோளோடு தோள் உரசி நிற்கும். உண்மை அப்படியில்லை. சமையலறைப் பொருள்களை வைத்தே அளந்து பார்க்கலாம்.

ஞாயிற்றை அரை மீட்டர் அகலமுள்ள ஒரு பெரிய பறங்கிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பூமி ஒரு மிளகு. அது பறங்கிக்காயிலிருந்து 54 மீட்டர் தள்ளி இருக்கும். திங்கள் ஒரு கசகசா. மிளகிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கும் குறைவு. மனிதன் இதுவரை நேரில் போய் வந்த தூரம் ஏறக்குறைய அந்த ஒரு சாண்தான்! புதன் ஒரு கடுகு, 21 மீட்டரில். வெள்ளி இன்னொரு மிளகு, 39 மீட்டரில். செவ்வாய் அரை மிளகு, 82 மீட்டரில். வியாழன் ஓர் எலுமிச்சம்பழம், 280 மீட்டரில். சனி சற்றுச் சின்ன எலுமிச்சை, அரை கிலோமீட்டருக்கு அப்பால். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் கோலிக்குண்டுகள். நெப்டியூன் இருப்பது 1.6 கிலோமீட்டர் தொலைவில். அடுத்த விண்மீன் எங்கே? ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் தள்ளி, அதாவது சென்னையிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் தூரம். நடுவில் பெரும்பாலும் வெற்றிடம்.

குடும்பத்தின் மொத்த எடையில் 99.86 விழுக்காடு ஞாயிற்றினுடையது. மிச்சத்தைத்தான் மற்ற எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் அத்தனை பேரும் அதைச் சுற்றி வருகிறார்கள்.

உள்வட்டத்தில் நால்வர் பாறையால் ஆனவர்கள். புதனுக்கு 88 நாளில் ஓர் ஆண்டு முடிந்துவிடும். அங்கே பகலில் 430 பாகை செல்சியஸ் வரை சூடு. போர்த்திக்கொள்ளக் காற்று மண்டலம் இல்லாததால் இரவில் சுழிக்குக் கீழே 180 பாகை. வெள்ளிக்கோ கனத்த கரியமில வாயுப் போர்வை. அதனால் ஞாயிற்றுக்கு அருகிலுள்ள புதனைவிட வெள்ளியில்தான் சூடு அதிகம், எப்போதும் சுமார் 465 பாகை. விடிவெள்ளியாக நாம் ரசிக்கும் அழகியின் வீட்டில் ஈயம் உருகி ஓடும்! கரியமில வாயு பெருகினால் ஒரு கோளுக்கு என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே பாடம் இருக்கிறது.

செவ்வாயின் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். இந்தியாவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் சு. அருணன். திங்களில் 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்–3க்கு விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல். ஞாயிற்றை ஆராயப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஆதித்யா–எல்1க்குச் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு வந்த நமக்கு, பெங்களூரில் பணியாற்றிய இவர்களும் ஒருவகையில் நம்ம சங்கத்து ஆட்கள்தானே?

வெளிவட்டத்தில் நால்வர் பெரியவர்கள். வியாழனின் எடை மற்ற ஏழு கோள்களின் மொத்த எடையைப்போல் இரண்டரை மடங்கு. 1610இல் கலிலியோ அதைச் சுற்றி நான்கு நிலவுகளைக் கண்டார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகிறது என்ற கருத்துக்கு விழுந்த முதல் அடி அது. சனியின் வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். 2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகள் சேர்ந்ததில் சனியின் நிலவுக் கணக்கு 274 ஆனது. சனி தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது; ஈடான ஒரு கடல் இருந்தால் அதில் மிதக்கும்.

யுரேனஸை 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் கண்டார். அது பக்கவாட்டில் சாய்ந்து, உருண்டுகொண்டே போவதுபோலச் சுழல்கிறது. அதற்கு வளையங்கள் உண்டு என்பது 1977இல் ஒரு விண்மீனை அது மறைத்தபோது தெரிந்தது. அந்த மறைப்பை ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலும் பதிவு செய்தார்கள். நெப்டியூன் கண்ணுக்கு முன் கணக்கில் அகப்பட்டது. யுரேனஸ் பாதை தவறுவதைப் பார்த்து, ‘வேறு ஏதோ ஒன்று இழுக்கிறது, அது இன்ன இடத்தில் இருக்கும்’ என்று பாரிஸில் லெவெரியே கணித்து எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் அந்த இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே அகப்பட்டுவிட்டது. அதன் ஓர் ஆண்டு நமக்கு 165 ஆண்டு. கண்டறிந்த நாளிலிருந்து ஒரு முழுச் சுற்றை 2011இல்தான் முடித்தது.

சிறுகோள்கள்: சென்னையில் கண்ட ‘ஆசியா’

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பெரிய இடைவெளி. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் பியாஸி அங்கே ஒன்றைக் கண்டார். அதற்கு சீரிஸ் என்று பெயர். அதையும் கோள் என்றே பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்தடுத்து அதே இடத்தில் இன்னும் பல அகப்படவே, ‘இத்தனையும் கோளா?’ என்று யோசித்துச் சிறுகோள்கள் என்று தனிக் கணக்கு வைத்தார்கள். சீரிஸ் அங்கே மாற்றப்பட்டது. இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ப்ளூட்டோவிடம் போகும்போது உதவும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்திலிருந்து 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். 1988இல் காவலூரில் கண்டறிந்த ஒன்றுக்கு ‘ராமானுஜன்’ என்று பெயர். இயற்பியல் மேதை சந்திரசேகர் பெயரிலும், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் பெயரிலும்கூடச் சிறுகோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சில வழிதவறிப் பூமியிலும் விழும். மகாராஷ்டிராவில் புல்டாணா மாவட்டத்து லோணார் ஏரி அப்படி விழுந்த ஒன்று தோண்டிய பள்ளம். அகலம் சுமார் 1.8 கிலோமீட்டர். மும்பை, புணே, நாக்பூர் வாசிகள் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். வருகிற கல்லைத் திருப்பிவிட முடியுமா? 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் டார்ட் விண்கலம், டைமார்பஸ் என்ற சிறிய துணைக்கோள் மீது வேண்டுமென்றே மோதி, அதன் சுற்றுக் காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது. முடியும் என்பதற்கு முதல் சான்று அது.

ப்ளூட்டோ எங்கே போயிற்று?

நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ‘ஒன்பது கோள்கள்’ என்றுதான் படித்தோம். நவக்கிரகமும் ஒன்பது, பாடப்புத்தகமும் ஒன்பது என்று எண்ணிக்கை பொருந்தியது தற்செயல். அந்த ஒன்பதில் ராகு–கேது உண்டு. இந்த ஒன்பதில் ப்ளூட்டோ இருந்தது.

ப்ளூட்டோவை 1930 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவில் கிளைட் டாம்பா கண்டார். பெயரைச் சொன்னது இங்கிலாந்தில் 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி. ப்ளூட்டோவின் குறுக்களவு 2,377 கிலோமீட்டர், அதாவது நம் திங்களைவிடச் சிறியது. 1990களிலிருந்து அதே வட்டாரத்தில் அதைப் போலவே பனியும் பாறையுமான பல பொருள்கள் அகப்படத் தொடங்கின. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் ஏறக்குறைய ப்ளூட்டோ அளவே இருந்தது. ஒன்று ஏரிஸைப் பத்தாவது கோளாக ஏற்க வேண்டும், அல்லது கோள் என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டும். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனைகள் வைத்தது. ஞாயிற்றைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும். தன் பாதையில் தானே பெரிய ஆளாக இருந்து சுற்றுப்புறத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். ப்ளூட்டோ மூன்றாவதில் தவறியது. ஏரிஸ், சீரிஸ் ஆகியவற்றோடு சேர்ந்து அது ‘குறுங்கோள்’ ஆயிற்று. 1801இல் வந்த சீரிஸுக்கு நடந்ததுதான் 1930இல் வந்த ப்ளூட்டோவுக்கும் நடந்தது.

ப்ளூட்டோ எங்கும் போய்விடவில்லை. 248 ஆண்டுக்கு ஒருமுறை அமைதியாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே சென்றபோது, இதய வடிவில் ஒரு பெரிய வெண்பனிச் சமவெளியைக் காட்டியது.

இதற்கும் அப்பால் வால்நட்சத்திரங்களின் பிறந்த வீடு. அழுக்குப் பனிக்கட்டிகளான இவை ஞாயிற்றை நெருங்கும்போது சூட்டில் ஆவியாகி வால் நீட்டுகின்றன. 1986இல் வந்துபோன ஹாலி வால்நட்சத்திரம் மீண்டும் 2061இல் வரும். இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் அதைத் தங்கள் பேரப்பிள்ளைகளோடு பார்க்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது

தொலைநோக்கி வேண்டாம். நகரத்து விளக்கு வெளிச்சத்திலும் வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி நான்கும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். விண்மீன் மினுக்கும், கோள் பெரும்பாலும் மினுக்காமல் நிலையாக ஒளிரும். ஞாயிறும் திங்களும் போகும் தடத்தை ஒட்டித்தான் எல்லாக் கோள்களும் இருக்கும். வெள்ளி நள்ளிரவில் தெரியாது. மாலையில் மேற்கே அல்லது விடியலில் கிழக்கே மட்டும் பாருங்கள்.

திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் வியாழன் எந்த ராசியில் என்று தாத்தாவோ பாட்டியோ பார்த்துச் சொல்லட்டும். அந்த ராசியின் விண்மீன்கள் எப்போது எங்கே தெரியும் என்று பிள்ளைகள் கைப்பேசியில் தேடட்டும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று இருவரும் மாடிக்குப் போய்ச் சரிபார்க்கட்டும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத் ஆகிய நகரங்களில் கோளரங்கங்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் போய் வரலாம். போகும் வழியில் பிள்ளைகளுக்குக் கோள், துணைக்கோள், சிறுகோள், குறுங்கோள், விண்மீன் என்ற ஐந்து சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். பள்ளியில் அவர்கள் வேறு மொழியில் படிப்பதைத் தமிழில் சொல்ல இந்த ஐந்தும் போதுமான தொடக்கம்.

அப்புறம் ‘ஒன்பதா, எட்டா?’ என்று யாராவது கேட்டால், “எதைக் கேக்குறீங்க? நகர்றதா தெரியறதையா, ஞாயிற்றைச் சுத்துறதையா?” என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள்.